மாநகரத் தலைவரைத் தேர்வோர் யாவர்?

தமிழ்நாட்டில் ஒரு சிற்றூராட்சியின் தலைவரை அவ்வூரார் நேரே தேர்கின்றனர். சில நூறு வீடுகளே உள்ள ஊரிலும், கூலி வேலை செய்து பிழைக்கும் மூதாட்டி தலைவர் பதவிக்குரிய வாக்குச் சீட்டைத் தம் கையில் வாங்கி, தாம் விரும்பும் சின்னத்தின்மேல் முத்திரையிட்டு வருகிறார். சென்னை மாநகரின் நிலை வேறு. 2022ஆம் ஆண்டில் அம்மாநகரின் வாக்காளர் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் மேயரைத் தேர்வதற்குக் கூடியோர் மாமன்ற உறுப்பினர் மட்டுமே. மாமன்றத்தின் இடங்கள் மொத்தம் 200. எதிர்த்து நிற்பார் இன்மையால் ஒரு வாக்குச் சீட்டேனும் பெட்டியில் விழ வேண்டிய தேவை அன்று எழவில்லை. சிற்றூர்க் கிழவிக்கு உள்ள உரிமை மாநகரத்துப் பேராசிரியருக்கு ஏன் இல்லை என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

மேயராகத் தேர்வு பெற்றவரின் தகுதி பற்றிய ஐயம் எதுவும் நமக்கில்லை என்பதை முதற்கண் கூறிவிட வேண்டும். பட்டியலினப் பெண்டிர்க்கென ஒதுக்கப்பெற்ற அப்பதவிக்கு வந்த ஆர். பிரியா, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அம்மாநகராட்சியின் வரலாற்றில் மேயரான முதல் பட்டியலினப் பெண்மணி ஆவார். அது மகிழத்தக்க செய்தி. நாம் ஆராயப் புகுவது வந்தவரைப் பற்றியன்று. அனுப்பியவர் யார் என்பதைப் பற்றியே.

உள்ளாட்சி என்றவுடன் நம்மவர் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைச் சுட்டிப் பெருமிதம் கொள்வது வழக்கம். முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியனவே. எனினும் அவற்றை வாக்குரிமைச் சாசனம் என்று கூறுவது பொருந்தாது. குடவோலையில் பெயர் எழுதப்படத்தக்கவர் யார் என்பதையே அவை விரித்துரைக்கின்றன. கால் வேலி இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், மறை பயின்றவராகவும் இருத்தல் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தாமும் ஆகார். அவர்தம் உறவினரும் ஆகார். பின்னர்க் குடத்துள் இட்ட ஓலையை ஒரு சிறுவன் எடுப்பான். கணக்குக் காட்டாதவனை விலக்கிய அந்த ஒரு விதிக்காகவே அக்கல்வெட்டை நாம் போற்றலாம். ஆயின் நிலமற்றவரும் பெண்டிரும் அதனுள் எங்கும் இல்லை. ஊரைத் தாங்குபவர் ஒருவர், ஊரை ஆள்பவரைத் தேர்பவர் வேறொருவர் என்னும் நிலை அன்றே இருந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கும்பினியார் 1687ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வழங்கிய பட்டயத்தின்படி, 1688ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் சென்னப்பட்டினத்தில் மாநகராட்சி தோற்றுவிக்கப்பட்டது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருடன் ஆல்டர்மேன் 12 பேரும், பர்ஜெஸ் எனப்பட்ட நகரப் பெருமக்கள் 60 பேரும் அமைந்தனர். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வணிகர், உள்ளூர்ப் பெருவணிகர் எனப் பல இனத்தாரும் அவ்வவையில் இடம்பெற்றமை வியப்பிற்குரியது. எனினும் கோட்டைக்கு வெளியே நெய்தவரும் சாயம் தோய்த்தவரும், அலைகடலில் மசூலாப் படகு செலுத்திக் கப்பற்சரக்கைக் கரைசேர்த்தவரும் அதில் எவ்விடமும் பெறவில்லை. அவர்களிடம் வரி வாங்குவது எளிதாக வேண்டும் என்பதே மாநகராட்சி அமைத்ததன் நோக்கங்களுள் ஒன்று என வரலாற்றாசிரியர் எழுதுவர். வரி கொடுக்க ஒரு கூட்டம், வாக்களிக்க மற்றொரு கூட்டம்!

பின்னர் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர் 8 பகுதிகளாக வகுக்கப்பெற்று 32 ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். அனைவரும் அரசின் நியமனமே. 1878இல்தான் அவர்களுள் பாதியினரை வரி செலுத்துவோர் தேரலாம் என்னும் நிலை பிறந்தது. அதன்பின்னரும் நெடுங்காலம் வணிகர் அமைப்புகளும் பல்கலைக்கழகமும் தமக்கெனத் தனியே உறுப்பினரை அனுப்பி வந்தன. இவற்றுள் ஒளிந்துள்ள கொள்கை ஒன்றே: பணம் கொடுப்பவனுக்கே செலவு பற்றிப் பேசும் உரிமை உண்டு.

இக்கொள்கை மேலோட்டமாகப் பார்க்க நியாயமாகத் தோன்றும். இன்றும் பெரிய வீடுகளில் வாழ்வோர் சிலர், “வரி கட்டுவது நாங்கள், வாக்களிப்பது வேறு யாரோ” என்று குறைப்பட்டுக் கொள்வதை நாம் கேட்கிறோம். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வீட்டு வரியை உரிமையாளர் தம் கையால் கட்டுகிறார் என்பது உண்மை. கட்டும் பணமோ குடியிருப்பவர் தரும் வாடகையினுள் அடங்கியுள்ளது. கடை வாடகைக்குள் உள்ள வரி அக்கடையில் தேநீர் பருகும் சுமைதூக்கியின் கோப்பைக்குள்ளும் ஒரு துளி வந்துவிடுகிறது. ஆகவே வரியையே அளவுகோலாகக் கொண்டாலும், நகரில் உண்டு உறங்கி வாழும் ஒருவரையும் விலக்க இயலாது. வரிக் கட்சியார் எடுத்த கோல் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

1933ஆம் ஆண்டில் மன்றத் தலைவர் பதவி மேயர் என மீண்டும் பெயர் பெற்றது. ராஜா சர் முத்தையா செட்டியார் அவ்வகையில் முதல்வர். அன்று தொடங்கி ஆண்டுதோறும் மன்ற உறுப்பினர் தமக்குள் ஒருவரைத் தேர்ந்தனர். ‘மாநகரத் தந்தை’ என்று நம் ஏடுகள் எழுதத் தொடங்கின. 1956இல் தாரா செரியன் அம்மையார் மேயரானபோது அச்சொல்லை என் செய்வதென்று ஏடெழுதுவோர் திகைத்திருப்பர். தமிழ்த்துறை மாணவர் சிந்திக்கத்தக்க சொல்லாராய்ச்சி இது, நிற்க.

இந்த ஓராண்டு முறையின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். பட்டியலினத்தவருள் அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். 1930களில் அப்துல் ஹமீது கான் மேயராக விளங்கினார். 1939இல் சத்தியமூர்த்தி அப்பொறுப்பை ஏற்றுக் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வழிகோலினார். நகர் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்திருப்பின் இவருள் எத்தனைபேர் வென்றிருப்பர் என்று நம் சமுதாய மூத்தோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. சிறுபான்மையோர் பெருநகர் முழுதும் ஒரே நாளில் பெரும்பான்மை வாக்குப் பெறுவது அரிது. ஒரு மன்றத்துள் நட்பாலும் உடன்பாட்டாலும் முறைவைப்பாலும் இடம் பெறுவது ஒப்புநோக்க எளிது. 1996க்குப் பின் நேர்முகமாகவோ மறைமுகமாகவோ சென்னை மேயராகத் தேர்வுபெற்ற நால்வருள் முசுலிம் ஒருவரும் இல்லை. இவ்வுண்மையை மறைத்துவிட்டு நேர்முகத் தேர்தலைப் புகழ்வது ஆராய்ச்சி நெறியாகாது.

ஆனால் அந்த நால்வருள் இருவர் மன்ற உறுப்பினரால் தேரப்பட்டவரே என்பதையும் உடன் காணல் வேண்டும். முறைவைப்பு என்பது உறுப்பினரின் பெருந்தன்மையால் நடந்தது, சட்டத்தால் நடந்ததன்று. பெருந்தன்மை போனபின் முறையும் போயிற்று. பெண்டிர்க்கும் பட்டியலினத்தார்க்கும் 74ஆம் அரசியற் சட்டத்திருத்தம் இடவொதுக்கீட்டை உறுதி செய்துள்ளது. அவ்வொதுக்கீடு நேர்முகத் தேர்தலிலும் செல்லும், மறைமுகத் தேர்தலிலும் செல்லும். அவ்வாறாயின் நலிந்தோரைக் காப்பது தேர்தலின் வகையன்று, எழுதப்பட்ட விதியே என்பது நம் கருத்து.

1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 23 ஆண்டுகள் சென்னைக்கு மேயரும் இல்லை, மாமன்றமும் இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டனர். அவ்வாண்டு பிறந்த குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லும் வரை தன் தெருவுக்கு உறுப்பினர் ஒருவரைக் கண்டதில்லை. 1993ஆம் ஆண்டு சூன் முதல்நாள் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தமே அந்நெடிய உறக்கத்தைக் கலைத்தது. 1996இல் மாநகர மக்கள் முதன்முறையாக மேயரை நேரே தேர்ந்தனர். மு.க. ஸ்டாலின் அவ்வாறு தேர்வுற்றார். 2001இலும் அவரே வென்றார்.

இதன்பின் நடந்தவற்றை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2006இல் மேயரைத் தேரும் உரிமை மன்ற உறுப்பினர்க்கு மாற்றப்பட்டது. 2011இல் மீண்டும் மக்களிடம் வந்தது. 2016இல் மறுபடியும் உறுப்பினரிடம் போயிற்று. ஆனால் அவ்வாண்டு தேர்தலே நடைபெறவில்லை. 2018இல் மக்களிடம் தருவதாகச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி ஒரு தேர்தலும் நடவாத நிலையில், 2019இல் அவசரச் சட்டத்தால் அவ்வுரிமை மீண்டும் பறிபோயிற்று. 2022 தேர்தல் அந்த ஏற்பாட்டின்படியே நடைபெற்றது. மாறி மாறி ஆண்ட இரு பெருங்கட்சியின் ஆட்சிகளும் இதில் பங்குடையன. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைப் பழிக்க நமக்கு இடமில்லை.

இவ்வளவு எளிதில் மாற்ற முடிந்தமைக்குக் காரணம் அரசியற் சட்டத்திலேயே உள்ளது. 243ஆர் உறுப்பு, நகராட்சி மன்றத்தின் இடங்கள் நேர்முகத் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என ஆணையிடுகிறது. தலைவரைத் தேரும் முறையை மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பிற்கு விட்டுவிட்டது. உறுப்பினரைத் தேர்வது மக்களின் உரிமை; தலைவரைத் தேர்வது அரசு விரும்பினால் தரும் கொடை. தேர்தலுக்குத் தேர்தல் கொடுத்தும் பறித்தும் வருவதை உரிமை என்று எவ்வாறு அழைப்பது? உத்தரப் பிரதேசத்தில் மக்கள் மேயரை நேரே தேர்கின்றனர். மும்பையில் உறுப்பினர் தேர்கின்றனர். ஒரே நாட்டில், ஒரே அரசியற் சட்டத்தின்கீழ், கான்பூர்வாசிக்கு உள்ளது மும்பைவாசிக்கு இல்லை.

தேர்வோர் தொகை சிறுகும்போது என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு உள. முதலாவது தில்லி. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் 250 இடங்களுள் ஆம் ஆத்மி கட்சி 134 இடங்களையும், பாரதிய சனதாக் கட்சி 104 இடங்களையும் பெற்றன. மேயரைத் தேர்வதற்கு உறுப்பினர் 250 பேருடன் நாடாளுமன்ற உறுப்பினர் 10 பேரும் சட்டமன்ற உறுப்பினர் 14 பேரும் வாக்குடையர். இவர்களேயன்றித் துணைநிலை ஆளுநர் நியமித்த ஆல்டர்மேன் 10 பேரும் வாக்களிக்கலாமா என்ற பூசல் எழுந்தது. 2023 சனவரி 6, 24, பிப்ரவரி 6 என மூன்று கூட்டங்கள் அமளியில் கலைந்தன. பிப்ரவரி 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நியமன உறுப்பினர்க்கு மேயர் தேர்தலில் வாக்கில்லை எனத் தெளிவுறுத்தியது. பிப்ரவரி 22ஆம் நாள் ஷெல்லி ஓபராய் 150 வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்தவர் பெற்றவை 116. மக்கள் வாக்களித்து இரண்டரைத் திங்களுக்குப் பின்னரே இந்நாட்டின் தலைநகர் ஒரு மேயரைப் பெற்றது! 1688இல் வந்த ‘ஆல்டர்மேன்’ என்னும் அப்பழஞ்சொல் மூன்று நூற்றாண்டு கடந்தும் வாக்குரிமை கேட்டு வாயிலில் நின்றதை எண்ணுங்கால் வரலாற்றின் விளையாட்டு நமக்கு நகை தருகிறது.

இரண்டாவது சண்டிகர். 2024 சனவரி 30ஆம் நாள் நடந்த மேயர் தேர்தலில் மொத்த வாக்குகள் 36. அவற்றுள் 8 வாக்குகளைத் தேர்தல் நடத்திய அலுவலர் செல்லாதன என்றார். 20 பெற வேண்டியவர் 12 பெற்றுத் தோற்றதாகவும், 16 பெற்றவர் வென்றதாகவும் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வாக்குச் சீட்டுகளைத் தானே வருவித்துப் பார்த்து அம்முடிவை நீக்கி, குல்தீப் குமார் வென்றதாகத் தீர்ப்பளித்தது. எட்டுச் சீட்டுகளில் ஒரு பேனா ஓடியது. ஒரு நகரத்தின் தீர்ப்பு மாறியது. இலட்சக்கணக்கான வாக்குகள் உள்ள இடத்தில் எட்டுக்கு இத்தகைய வலிமை வாராது. மன்ற உறுப்பினர்களை வாக்கெடுப்பு முடியும்வரை வெளியூர் விடுதிகளில் காவலிட்டு வைக்கும் வழக்கமும் தேர்வோர் சிலராயிருப்பதன் விளைவே அன்றோ!

நேர்முகத் தேர்தலின் குறைகளும் சிறியனவல்ல. 60 இலட்சம் வாக்காளர் கொண்ட தொகுதி, நாட்டின் எந்த மக்களவைத் தொகுதியினும் பெரிது. அத்தனை பேரையும் சென்றடையப் பெருங்கட்சியின் துணையோ பெருஞ்செல்வமோ இன்றியமையாதது. மேலும், சென்னையில் நீண்டகாலம் நடைமுறையிலிருந்த 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிருவாக அதிகாரம் மேயரிடம் இல்லை. அரசு அமர்த்தும் ஆணையரிடமே இருந்தது. அறுபது இலட்சம் பேர் கூடி மாலையிட்டு, வண்டியின் கடிவாளத்தை வேறொருவர் கையில் தருவது போன்றது இது. அதிகாரமற்ற மேயரை நேரே தேர்வதால் ஆவதென் என்போர்க்கு நாம் சொல்லும் விடை: அதிகாரம் கேட்டுப் பெறுவதற்கேனும் மக்களின் நேர்வாக்கு வேண்டும். மன்றத்தாரின் தயவில் பதவி வகிப்பவர் அரசை நோக்கி உரத்துப் பேசுதல் அரிது. சராசரியாக 30,000 வாக்காளர் உள்ள ஒரு வட்டத்தின் உறுப்பினர் தம் வட்டத்துச் சாக்கடையை நினைப்பார். அது அவர் கடமை. நகர் முழுதுக்குமான வெள்ளவடிகாலை நினைப்பதற்கு நகர் முழுதுக்கும் விடை சொல்லக் கடவர் ஒருவர் தேவை.

இதுகாறும் கூறியது நகரெல்லைக்குள் வாழ்வோரைப் பற்றி. எல்லைக்கு வெளியே இருந்துகொண்டு நகரைச் சுமப்போர் நிலை என்ன? இவ்விடமே நம் நெஞ்சை உறுத்துவது.

சென்னையின் குப்பை 1980களிலிருந்து பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் கொட்டப்பட்டு வந்தது. பெருங்குடியோ 2011ஆம் ஆண்டு வரை மாநகராட்சி எல்லைக்குள் இல்லை; அது ஒரு பேரூராட்சி. குப்பை எரியும் புகையை உண்டவர்க்கு, அக்குப்பையை அனுப்பிய மாநகரின் மேயரைத் தேரும் வாய்ப்பு 1996இலும் இல்லை, 2001இலும் இல்லை. 2011இல் நகரின் பரப்பு 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தபோதுதான் அவர்கள் நகர வாக்காளராயினர்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கூவம் முதலிய நீர்நிலைகளின் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, அரசால் பெயர்க்கப்பட்டுப் பெரும்பாக்கத்து அடுக்கு மாடிகளில் குடியமர்த்தப்பட்டன. 2022 தேர்தலின்போது பெரும்பாக்கம் மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சியாகவே இருந்தது. அங்குள்ள பெண்டிர் பலர் விடியுமுன் பேருந்தேறி நகருக்கு வந்து வீட்டுவேலை செய்து இருளில் திரும்புகின்றனர். நகரின் வீடுகள் தூய்மையாயிருப்பது அவர்கள் கையால். ஆயினும் வீடு மாறியவுடன் நகரில் அவர்கள் சொல்லுக்கு இருந்த இடம் மறைந்துபோயிற்று. அவர்கள் கேட்டு மாறியதன்று, மாற்றப்பட்டனர். தேர்தல் முறையை மாற்றி ஒருவரின் வாக்கைப் பறிப்பது ஒருவகை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் அவரைக் குடியேற்றிப் பறிப்பது மற்றொரு வகை. முதலாவதைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச்சு எழுகிறது. இரண்டாவதைப் பற்றி எங்கும் எழக் காணோம்.

வேலை செய்யுமிடத்திலும் வாக்கு வேண்டும் என்பதற்கு இலண்டனில் ஒரு முன்மாதிரி உண்டு. ஆனால் அது நாம் விரும்பத்தக்க வடிவில் இல்லை. அங்கு மேயர் இருவர். பழைய ‘சிட்டி’ எனப்படும் ஒரு சதுர மைல் பகுதிக்கு உரிய லார்டு மேயரைப் பண்டைய தொழிற்குழுக்களின் உறுப்பினர் செப்டம்பர் 29ஆம் நாளை ஒட்டித் தேர்கின்றனர். சென்னை மாநகராட்சி பிறந்த நாளும் அதுவேயாதல் தற்செயலன்று; கும்பினியார் தம் ஊர் வழக்கத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். அப்பகுதியின் மன்றத் தேர்தலில் நிறுவனங்களுக்கும் வாக்குண்டு. பணியாளர் தொகைக்கேற்ப நிறுவனம் வாக்காளரை நியமிக்கிறது. பிரிட்டனின் ஏனைய பகுதிகளில் 1969இலேயே நீக்கப்பட்ட இம்முறை அங்கு மட்டும் நின்று நிலவுகிறது. உழைப்பவர் பெயரால் அமைந்தாலும், வாக்காளரைக் குறிப்பவர் உழைப்பவரல்லர், முதலாளியே.

மற்றொரு மேயர் இலண்டன் பெருநகர் முழுமைக்கும் உரியவர். 2000ஆம் ஆண்டு முதல் மக்கள் நேரே தேர்கின்றனர். அத்தேர்தலில் பிரிட்டிசுக் குடிமக்களேயன்றி, அங்கு முறைப்படி வாழும் காமன்வெல்த்து நாட்டினரும் வாக்களிக்கலாம். இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்று. ஆகவே சென்னையிலிருந்து மேற்படிப்புக்குச் சென்று இலண்டனில் அறையெடுத்துத் தங்கும் மாணவர், பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டால், அந்நகர மேயரை நேரே தேரலாம். 2016இல் சாதிக் கான் முதன்முறை வென்ற தேர்தலிலும் அவ்வுரிமை இருந்தது. தாய்நகரில் கிட்டாதது அயல்நகரில் கிட்டுகிறது! குடியுரிமை எங்கிருந்து வந்தது என்று வினவாமல், இன்று இங்கு வாழ்கிறாயா என்று மட்டும் வினவும் இக்கொள்கை, நகராட்சி என்பதன் இயல்புக்கு மிகப் பொருந்துவது. குழாயில் நீர் வராத நாளில் துன்புறுவதற்குப் பூர்விகம் வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ‘வழக்கமாக வாழுமிடம்’ என்பதையே வாக்காளர் பதிவுக்கு அளவுகோலாகக் கொண்டுள்ளது. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி அமைந்த இடத்திலோ, இரண்டில் ஒன்றில் பெயர் பதியலாம். கட்டட வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டோரும் இங்கு வழக்கமாக வாழ்வோராயின் பதியத் தடையில்லை. வாடகைச் சீட்டும் முகவரிச் சான்றும் கிடைக்காமையே அவர்க்குத் தடை. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னையில் வாக்களித்தோர் நூற்றுக்கு 44 பேரிலும் குறைவு. உரிமையுள்ளோரும் வாளாவிருந்தனர் என்று சினப்பது எளிது. மேயரைத் தேரும் சீட்டு தம் கையில் இல்லை என்பதை அறிந்த பின், பலர்க்கு அந்நாள் ஒரு விடுமுறையாகத் தோன்றியிருத்தல் கூடும்.

சென்ற ஆண்டு வகுப்பறையில், விடுதி முகவரியில் வாக்காளராகப் பதிந்தோர் கையுயர்த்துக என்றோம். உயர்ந்த கைகள் மிகச் சில. மூன்றாண்டுகள் இந்நகரின் நீரைக் குடித்து, இந்நகரின் கொசுவுக்கு இரையாகி, மழைக்காலத்தில் முழங்காலளவு நீரில் நடந்து வகுப்புக்கு வருவோர் அவர்கள். படிவம் 6 என்பது யாது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டார். அன்றைய பாடமான யாப்பிலக்கணத்தை ஒத்திவைத்து, அப்படிவத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கினோம்.